நான்கு நிமிட அறிக்கையும் நடுங்கும் கையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். செம்பனை ஆலை அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்ப்பவர். மகன் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு இவ்வாண்டு செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவேற்புரை சொல்லி, நான்கு நிமிடச் செயலறிக்கையும் படைக்க வேண்டும். சென்ற ஆண்டு தோட்டத்துக் கோயில் கூட்டத்தில், மனப்பாடம் செய்துகொண்டு போன நன்றியுரை நான்காவது வாக்கியத்தோடு மறந்துபோக, கையிலிருந்த தாள் எல்லாருக்கும் தெரியும்படி நடுங்க, "நன்றி, வணக்கம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாராம். பயத்தை எப்படிப் போக்குவது, மனப்பாடம் செய்வதா பார்த்துப் படிப்பதா, மேடைத் தமிழ் வராத தம்மைப் போன்றவர்கள் என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

அம்மா, இந்த ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து, பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிகளுக்குத் தயார் செய்தும், பிற்காலத்தில் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டும் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயத்தை முதலில் போக்கிவிட்டு அதன் பிறகு பேசப் போகலாம் என்று நீங்கள் எண்ணுவதில்தான் வரிசை தவறிப்போகிறது. திருக்குறளின் பொருட்பாலில் 72-ஆம் அதிகாரம் அவையறிதல். அதற்கு அடுத்துத்தான் 73-ஆம் அதிகாரமாக அவையஞ்சாமை வருகிறது. இந்த வரிசையைப் பல ஆண்டுகள் வகுப்பில் பிள்ளைகளை ஒப்புவிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றாலும், அது எனக்கு உறைத்தது வெகு தாமதமாகத்தான். எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், அவர் எதைக் கேட்க வந்திருக்கிறார் என்று அறிந்துகொண்டவருக்கு அச்சம் பெரும்பாலும் தானாகவே தணிகிறது. அதை அறியாமல் துணிச்சலை மட்டும் வரவழைத்துக்கொண்டு மேடையேறி, நாற்பது நிமிடம் அஞ்சாமல் பேசி, அவையைக் கொட்டாவி விட வைப்பவர்களையும் நம் மண்டபங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

உடம்பில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலருடைய பார்வை ஒரே நேரத்தில் நம்மீது விழும்போது மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, விரல்கள் நடுங்குகின்றன. ரப்பர் காட்டில் காலடியில் பாம்பைக் கண்டவருக்கு நடப்பதும் இதுவே. பேசத் தொடங்குவதற்குச் சற்று முன்னும், தொடங்கிய முதல் ஓரிரு நிமிடங்களிலும் இது உச்சத்தில் இருக்கும். பேசப் பேசத் தணியும். ஆகவே நான்கு நிமிடத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. முதல் நிமிடத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்துகொண்டால் போதும். பெயர் அழைக்கப்படும் முன் நாற்காலியில் இருந்தபடியே, இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக்கி ஐந்தாறு முறை மூச்சு விடுங்கள். மெல்லிய தாள் சிறு நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். அதைத் தடித்த அட்டைக் கோப்பு ஒன்றில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது மேசைமீது வைத்துவிடுங்கள். நடுக்கத்தை நிறுத்தப் போராடுவதைவிட, அது வெளியே தெரிவதற்கான வழியை அடைப்பது எளிது.

தாள் நடுங்கியது எல்லாருக்கும் தெரிந்தது என்கிறீர்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. நம் உள்ளத்தின் பதற்றம் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் மற்றவர்களுக்குத் தெரிகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவர்களுக்குத் தெரிவது அதில் ஒரு பங்குதான். இந்த உண்மையைப் பேச்சுக்கு முன்பே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள், வெறுமனே 'பயம் இயல்பானது, கவலைப்படாதீர்கள்' என்று தேற்றப்பட்டவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். நன்றாகப் பேசியதாக மதிப்பிட்டவர்களில் பேச்சைக் கேட்டிருந்தவர்களும் அடக்கம். என் அனுபவமும் இதையே சொல்கிறது. போட்டி முடிந்து மேடையிலிருந்து இறங்கியதும் "கால் நடுங்கிச்சு சார், எல்லாரும் பார்த்துட்டாங்க" என்று அழுத பிள்ளைகள் பலர். முன்வரிசையில் உட்கார்ந்து அவர்களையே கவனித்துக்கொண்டிருந்த என் மதிப்பெண் தாளில் 'வேகம் அதிகம்' என்பதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கமாட்டேன். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுமுன் 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'ஆர்வமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகப் பேசினார்கள் என்று கண்டார். படபடப்பை அடக்க முயன்று தோற்பதைவிட அதற்கு வேறு பெயர் சூட்டிவிடுவது உடம்புக்கும் எளிதுதான்போலும்.

இனி அவையை அறிவது. இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒப்பனை, புடவை, தொடக்கக் கவிதை எல்லாவற்றையும் இதற்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்துக்கு யார் வருவார்கள்? விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம்) போய், நாள் முழுவதும் செம்பனைக் குலை வெட்டிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்த அப்பா இருப்பார். ஈப்போ தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து நேராக வந்த அம்மா இருப்பார். மகனும் மருமகளும் வேலைக்குப் போனதால் பேரப்பிள்ளைக்காக வந்த பாட்டி, லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பிறந்து வளர்ந்தவர், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் ஒரு பக்கம், சட்டமன்ற உறுப்பினரோ அவருடைய பிரதிநிதியோ முன்வரிசையில், மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவேளை ஒரு மலாய் அதிகாரி. சுற்றிலும் நெகிழி நாற்காலிகளுக்கு இடையே ஓடித் திரியும் பிள்ளைகள். தலைக்கு மேலே கடகடக்கும் மின்விசிறிகள்.

இவர்களில் ஒருவரும் உங்கள் பேச்சுத்திறனை அளந்து பார்க்க வரவில்லை. குலை வெட்டுபவருக்கு, தாம் கொடுத்த சங்கக் கட்டணம் எங்கே போனது என்று தெரிய வேண்டும். ஷிப்ட் வேலைக்காரருக்கு, மாலை நேர வகுப்பு எந்த நாள், பிள்ளையை எத்தனை மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவது என்று தெரிய வேண்டும். பாட்டிக்குப் பள்ளிப் பேருந்து அடுத்த ஆண்டும் ஓடுமா என்று தெரிய வேண்டும். தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்துகொண்டே இருப்பதால் மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் பள்ளியாக இருந்தால், எல்லாருடைய மனத்திலும் சொல்லப்படாத கேள்வி ஒன்று இருக்கும்: இந்தப் பள்ளி இன்னும் எத்தனை ஆண்டு இங்கே இருக்கும்? இவற்றுக்கு உங்களிடம் விடை இருக்கிறதென்றால், மேடையில் நிற்கும் நேரத்தில் அந்த மண்டபத்திலேயே அதிகம் வேண்டப்படுபவர் நீங்கள்தான். இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, போய்த் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது என்றால், கூட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஐந்து பெற்றோரிடம் தனித்தனியே பேசுங்கள். பள்ளி வாசலிலோ சாப்பாட்டுக் கடையிலோ கோயிலிலோ பார்க்கும்போது, "கூட்டத்தில் நான் எதைச் சொன்னால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள். விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இதனால் உங்கள் அறிக்கைக்குப் பொருள் கிடைக்கும் என்பது ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன் கூட்ட நாளில் தெரியும். நீங்கள் நிமிர்ந்து பார்க்கும்போது எதிரே இருப்பது முகமில்லாத கூட்டமாக இராது. மண்டபத்தின் இடது மூலையில் ஒருவர், நடுவில் இருவர், கடைசி வரிசையில் அந்தப் பாட்டி என, உங்களிடம் கேள்வி கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருக்கும் முகங்கள் அங்கங்கே இருக்கும். அவர்களை மாறி மாறிப் பார்த்துப் பேசினாலே அவை முழுவதையும் பார்த்துப் பேசியதாகிவிடும். சுவரைப் பார், கூட்டத்தின் தலைக்கு மேலே பார் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். தவறாகச் சொல்லிக்கொடுத்தேன் என்றே இப்போது நினைக்கிறேன்.

நம் ஊர்க்காரரான, மலேசிய அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தனை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1950-களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, வேலையோடு லயத்து வீட்டையும் சேர்த்து இழக்கும் நிலை தொழிலாளர்களுக்கு வந்தது. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்ட பிறகு, அவரும் சங்கத்தாரும் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாக (நம் நாட்டுப் பணம்) சேர்த்துப் பங்கு வாங்குங்கள், நீங்கள் வேலை செய்யும் தோட்டத்துக்கு நீங்களே உரிமையாளர் ஆகலாம் என்று பேசினார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்திய மக்களிடம் பணம் கேட்கும் பேச்சு அது. எதிரே இருப்பவருடைய அச்சம் எதுவென்று அறிந்து, அவரால் முடிகிற தொகை எவ்வளவு என்று கணக்கிட்டு, அதையே எண்ணாகச் சொன்ன பேச்சு என்பதால் எடுபட்டது. உங்கள் அறிக்கையின் அளவு சிறியதுதான், ஆனால் வேலை அதே வகையானது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். செயலறிக்கைகளில் வழக்கமாக வரும் தொடக்கம் இப்படி இருக்கும்: "கடந்த ஓராண்டு காலத்தில் நம் சங்கம் பல்வேறு நடவடிக்கைகளைச் சிறப்பான முறையில் மேற்கொண்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." இதைக் கேட்டு யாரும் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. அதற்கு மாறாக, "சென்ற ஆண்டு உங்களில் ஒவ்வொரு குடும்பமும் இருபது வெள்ளி கொடுத்தீர்கள், அந்த இருபது வெள்ளி எங்கே போனது என்று சொல்லத்தான் இப்போது நிற்கிறேன்" என்று தொடங்கிப் பாருங்கள். தொகையை உங்கள் கணக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். குலை வெட்டுபவர் கைப்பேசியைக் கீழே வைப்பார். பொருளாளருக்குச் சற்று வேர்க்கும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

மனப்பாடமா, பார்த்துப் படிப்பதா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் இருபத்தாறாவது வயதில் ஒரு பொங்கல் விழாவில் பேச அழைத்தார்கள். 'கரும்பினும் இனிய' என்று தொடங்கி, எதுகை மோனை தவறாத ஒரு பக்கத்தை மூன்று நாள் உருப்போட்டுக்கொண்டு போனேன். மூன்றாவது வாக்கியத்தில் வாசலில் ஒரு பட்டாசு வெடித்தது. அவ்வளவுதான், அடுத்த சொல் வரவில்லை. முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன். அதே இடத்தில் மறுபடியும் நின்றேன். மூன்றாம் முறை நான் 'கரும்பினும்' என்றதும் முன்வரிசைச் சிறுவன் ஒருவன் 'இனிய' என்று எடுத்துக் கொடுத்தான். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தது சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வருவது. ஒரு கண்ணி அறுந்தால் அதற்கு அப்பால் இருப்பது எதுவும் கைக்கு வராது. உங்களுக்கு நான்காவது வாக்கியத்தில் நடந்ததும் இதுதானே தவிர, உங்கள் நினைவாற்றலில் குறை ஒன்றும் இல்லை. தாளிலிருந்து கண்ணெடுக்காமல் வாசிப்பதில் மறதி இல்லை. ஆனால் நீங்கள் பேசுவது தாளோடு என்று அவை உடனே கண்டுகொள்ளும்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். தமக்கு ஒதுக்கிய நானூறு ஐந்நூறு மரங்களில் ஒவ்வொன்றையும் அவர்கள் நினைவில் வைத்துக்கொண்டு போவதில்லை. நிரை, அதாவது மர வரிசை, எங்கே தொடங்குகிறது, எந்த மேட்டில் திரும்புகிறது, எங்கே முடிகிறது என்று தெரியும். மரத்துக்கு மரம் கால் தானாகப் போகும். ஒரு மரம் விட்டுப்போனாலும் அடுத்த மரம் கண்முன்னே நிற்கும். அறிக்கையையும் அப்படி நிரையாகப் போடுங்கள். உங்கள் நான்கு நிமிடத்துக்கு நான்கு இடங்கள் போதும்: பணம், மாலை வகுப்பு, பேருந்து, அடுத்த ஆண்டு. ஒவ்வொன்றுக்கும் அஞ்சலட்டை அளவில் ஓர் அட்டை. அதில் பெரிய எழுத்தில் தலைப்பும், அதற்குக் கீழே எண்களும், சொல்ல வேண்டிய ஒரு பெயரும் மட்டும். முழு வாக்கியம் எழுதாதீர்கள். எழுதினால் கண் அதைப் படிக்கத் தொடங்கிவிடும். எண்களை மட்டும் ஒருபோதும் நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். அட்டையைப் பார்த்தே சொல்லுங்கள், பார்ப்பதை அவை பார்க்கட்டும். கணக்குச் சொல்பவர் தாளைப் பார்த்துச் சொன்னால் நம்பிக்கைதான் கூடும்.

இதற்கு ஒரே விலக்கு, தொடக்கத்தின் இரண்டு வாக்கியங்களும் கடைசி வாக்கியமும். படபடப்பு உச்சத்தில் இருக்கும் முதல் நிமிடத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்றேனே, அது இதுதான். அந்த இரண்டு வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிடுங்கள். கடைசி வாக்கியம் கையில் இல்லாதவர்களுக்கு நேரும் துன்பம் வேறு வகையானது; இறங்கத் தெரியாமல் "இறுதியாக", "முடிவாக", "இன்னும் ஒன்றே ஒன்று" என்று மூன்று முறை முடிப்பார்கள்.

மேடைத் தமிழ் வரவில்லை என்ற குறைக்கு என்னிடம் பொறுமை சற்றுக் குறைவு. தூய தமிழில் பேச வேண்டும் என்ற ஆர்வம் இந்நாட்டுத் தமிழரிடம் ஆழமாக இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன், வகுப்பில் அதைத்தான் வளர்த்தேன். ஆனால் அடுக்குச் சொற்களும் குரல் ஏற்ற இறக்கமும் கொண்ட பழைய மேடைப் பாணி தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் பல்லாயிரவர் கூடிய திடல்களுக்காக உருவானது. நூறு பேர் உட்கார்ந்திருக்கும் பள்ளி மண்டபத்தில், ஒலிவாங்கி கையிலிருக்கும்போது, அந்தப் பாணி பக்கத்து வீட்டுக்காரரிடம் கூவிப் பேசுவது போலாகிவிடும். மேலும், உங்கள் அவையிலேயே இடைநிலைப்பள்ளி முழுவதும் மலாயில் படித்த இளம் பெற்றோர் பலர் இருப்பார்கள். 'மாணவர் சேர்க்கை' என்றால் அவர்களுக்குப் புரியும். அதைவிடக் கடினமான சொல் ஒன்றைத் தேடிப் போட்டால் அந்த வாக்கியமே அவர்களைத் தாண்டிப் போய்விடும். நீங்கள் ஆலை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலையை விளக்கும்போது எப்படித் தெளிவாகப் பேசுகிறீர்களோ, அந்தப் பேச்சையே வாக்கியங்களை முழுமையாக்கி, கொச்சையை மட்டும் களைந்து பேசுங்கள். ல, ள, ழ வேறுபாட்டில் கவனம் இருக்கட்டும். அது காதுக்கு உடனே தெரியும், பத்து நாள் வாய்விட்டு வாசித்தால் திருந்தியும்விடும். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943-இல் மலாயாவுக்கு வந்து பேசியபோது பேசியது இந்துஸ்தானியில்; தோட்டத் தமிழர்களை அந்தப் பேச்சு மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் சென்றடைந்தது. அப்படியிருந்தும் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். கோலாலம்பூரில் அவர் பேச்சைக் கேட்டுக் காதணியைக் கழற்றிக் கொடுத்து, ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ஜானகிக்கு, பின்னாளின் ஜானகி ஆதி நாகப்பனுக்கு, அப்போது பதினெட்டு வயதுதான். சொல்லழகு பாதி வழியில் உதிர்ந்துபோன நிலையிலும் பேச்சு போய்ச் சேர்ந்திருக்கிறது.

விளிப்பு நம் நாட்டு மேடைகளுக்கே உரிய ஒரு தனிச் சிக்கல். டத்தோ, டத்தோ ஸ்ரீ, டான் ஸ்ரீ என்று பட்டங்கள் வரிசைப்படி வர வேண்டும். ஒருவர் பெயர் விட்டுப்போனால் அவர் மறந்தாலும் அவருடன் வந்தவர் மறக்கமாட்டார். வரவேற்புரை உங்களுடையது என்பதால் இந்தப் பாரம் உங்கள் தலையில்தான் விழும். பெயர்ப் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, அன்று மாலையே ஒருமுறை சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் வராதவரும் வந்தவரும் இருப்பார்கள். அட்டையில் பட்டத்தோடு பெயரை உச்சரிக்கும் விதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மலாய் அதிகாரி வந்திருந்தால் அவரை இரண்டு வாக்கியம் மலாயில் வரவேற்று, இனித் தமிழில் தொடர்கிறேன் என்று சொல்லிவிட்டால் போதும். ஒவ்வொருவரையும் தனித்தனியே வரவேற்று, ஒவ்வொருவருக்கும் கைதட்டு வாங்கி, பத்து நிமிடத்தை அதிலேயே செலவழிப்பவர்கள் அவையின் பொறுமையை அடுத்துப் பேசுபவருக்கு மிச்சம் வைப்பதில்லை. இங்கே அடுத்துப் பேசப் போவதும் நீங்களே என்பதை நினைவில் வையுங்கள்.

ஒலிவாங்கியைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால் கெட்ட பேச்சுகள் எத்தனையோ. வாய்க்கும் அதற்கும் இடையே நான்கு விரல் அளவு இடைவெளி இருக்கட்டும். நேரே வாய்க்கு எதிரில் பிடிக்காமல் சற்றே தாழ்த்திச் சாய்த்துப் பிடித்தால் 'ப' வரும் இடங்களில் பொத்துப் பொத்தென்று காற்று அடிக்காது. வலைத் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிக்காதீர்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே கொண்டு போகாதீர்கள். அந்தக் காதைக் கிழிக்கும் ஊளை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றால்தான் வருகிறது. தலையைத் திருப்பினால் கையும் கூடவே திரும்ப வேண்டும். தட்டிப் பார்ப்பதும் ஊதிப் பார்ப்பதும் கருவிக்குக் கேடு. 'வணக்கம்' என்று சொல்லிப் பார்த்தாலே போதும்.

ஒலிவாங்கி இல்லாத பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு கிழக் கங்காணியைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவர் கத்தியதில்லை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, அது கடைசி ஆள்வரை போய்ச் சேரும்வரை நிற்பார். பிறகுதான் அடுத்த பெயர். நீங்கள் பழக வேண்டியது அந்த நிறுத்தம். ஆங்கிலப் பேச்சுக்கு நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் என்று கணக்குச் சொல்வார்கள். விகுதியும் வேற்றுமையுருபும் ஒட்டி நீளும் நம் சொற்களுக்கு அது பொருந்தாது. நான் பிள்ளைகளுக்கு வைத்த அளவு நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொல். அப்படியானால் உங்கள் அறிக்கை நானூறு சொல்லுக்குள் இருக்க வேண்டும். பதற்றத்தில் நாக்கு முந்தும். எண் ஒன்றைச் சொல்லிய பின் மனத்துக்குள் இரண்டு எண்ணும் நேரம் நில்லுங்கள். உங்களுக்கு யுகமாகத் தோன்றும் அந்த மௌனம் கேட்பவருக்கு மூச்சு விடும் நேரம் மட்டுமே.

பயிற்சி என்றால் கண்ணாடி முன் நின்று பேசுவது என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கண்ணாடியில் நாம் நம்மையே பார்க்கிறோம், கவனிக்க வேண்டியது எதிராளியை. கைப்பேசியில் குரலை மட்டும் பதிவு செய்து, சமைக்கும்போது கேளுங்கள். முதல் முறை உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காது, எல்லாருக்கும் அப்படித்தான். இரண்டாம் முறையிலிருந்து, 'வந்து', 'அதாவது', 'என்ன சொல்றது' என்று நீங்கள் இட்டு நிரப்பும் இடங்கள் காதில் விழும். அந்த இடங்களில் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். பிறகு மகனையும் அவன் நண்பர்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் நெளியத் தொடங்கும் இடம் எதுவோ, அது வெட்ட வேண்டிய இடம். நான்கு அட்டைகளின் வரிசை மாறாமல், ஆனால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சொற்களில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பொருள் உங்கள் கைக்கு வந்துவிட்டது. மறதி இனி உங்களை ஒன்றும் செய்யாது.

நீண்ட நாள் நோக்கில், சிறு சிறு மேடைகளைத் தேடிப் பிடியுங்கள். பிறந்தநாள் விருந்தில் இரண்டு வாக்கிய நன்றி, ஆலையில் ஓய்வு பெறுபவருக்கு ஒரு நிமிட வாழ்த்து, கோயில் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி. 1924-இல் அமெரிக்காவின் சாந்தா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழக முறையும் இதுவே: ஐந்து முதல் ஏழு நிமிட உரை, முன்னறிவிப்பின்றிக் கொடுக்கும் தலைப்பில் ஓரிரு நிமிடப் பேச்சு, நேரம் பார்க்க ஒருவர், தேவையற்ற ஒலிகளை எண்ண ஒருவர், குறைநிறை சொல்ல ஒருவர். கழகம் பக்கத்தில் இல்லாவிட்டாலும் இந்த முறையைச் சங்கத்துப் பெண்கள் ஐந்து பேர் மாதம் ஒருமுறை பள்ளி வகுப்பறையிலேயே நடத்தலாம். ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன்: நம் தோட்டப்புற நிகழ்ச்சிகளில் பெண்களுக்குக் குத்துவிளக்கேற்றுவதும் வரவேற்புரையும் நன்றியுரையும் தரப்படுகின்றன, நடுவிலுள்ள பேச்செல்லாம் ஆண்களுக்கு. செயலறிக்கை அந்த நடுவில் வருவது. கணக்கும் பொறுப்பும் உங்களுடையவை என்பதால், அதைக் குரலைத் தாழ்த்தி, மன்னிப்புக் கேட்கும் தொனியில் படிக்காதீர்கள். "எனக்குப் பேசத் தெரியாது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்குவதை அவையடக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது கேட்பவரைப் பிழை தேடத் தூண்டுவதோடு சரி.

மறுபடியும் மறந்துபோனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அட்டையைப் பாருங்கள்; அடுத்த தலைப்பைச் சொல்லுங்கள்; போங்கள். விட்டுப்போனதை அவை அறியாது, ஏனென்றால் உங்கள் குறிப்பு அவர்களிடம் இல்லை. கேள்வி நேரத்தில் விடை தெரியாத கேள்வி வந்தால், "அந்தத் தொகை இப்போது என்னிடம் இல்லை, திங்கட்கிழமை பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள், திங்கட்கிழமை ஒட்டியும் விடுங்கள். ஒருவர் கோபத்தோடு எழுந்தால், அவர் கேட்டதை அமைதியாகத் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே கேட்கிறீர்கள் அண்ணே?" என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு விடை சொல்லுங்கள். பாதிக் கோபம் அந்தக் கேள்வியிலேயே இறங்கிவிடும். மீதிக்குத் தலைவர் இருக்கிறார்.

கூட்ட நாளன்று ஏழு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விடுங்கள். மின்விசிறிகளை எல்லாம் ஓடவிட்டு, ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, பழகிய அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் ஒரு தோழியை உட்கார வைத்து, அவருக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்று கேளுங்கள். பாட்டி உட்காரப் போகும் இடம் அது.